பெங்காலி வகுப்பில் பத்தாவது பெயர்

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் நான் வேலை பார்த்த கல்லூரி அலுவலகத்தில், நான் உட்கார்ந்த அதே மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"ஆன்ட்டி, பழைய கிரே கலர் ஃபைல் கேபினட் எல்லாத்தையும் தூக்கறாங்க. நாலாவது டிராயர்ல ஒரு ஃபோல்டர் இருக்கு. மேல 'தூக்கிப் போடாதே'ன்னு பென்சில்ல இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. உங்க கையெழுத்தா?"

"இல்லைம்மா. அது டாக்டர் ஹார்ட்லி எழுதினது. உள்ள என்ன இருக்கு?"

"ஒரே ஒரு ஸ்டூடன்ட்டோட பேப்பர்ஸ். பெங்காலி மேஜர்னு போட்டிருக்கு. நம்ம காலேஜ்ல பெங்காலில மேஜரே கிடையாதே?"

"கிடையாதுதான். ஆனா ஒருத்தி அதுல பட்டம் வாங்கினா."

அந்தக் கதையைச் சொன்னால்தான் போனை வைப்பேன் என்று பிடித்துக்கொண்டாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன். ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதில் வருகிற மாணவியின் பெயரையும் அவள் பெற்றோரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அவள் இதைப் படித்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டாள், நிஜப் பெயரே போடுங்கள் என்றும் சொன்னாள். இருந்தாலும் மாட்டேன். ஒருமுறை வாயைக் கொடுத்துப் பட்டது போதும்.

நான் பெரம்பூர்க்காரி. பி.ஏ. வரலாறு, டைப்ரைட்டிங் ஹையர். கணவரின் வேலைக்காக நியூ ஜெர்சிக்கு வந்து, இரண்டு பிள்ளைகளும் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்ததும் 1990-ல் அந்தக் கல்லூரியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். பிரெஞ்சும் ஸ்பானிஷும் சொந்தக் கட்டடத்தில் ராஜபோகமாக இருந்தன. எங்கள் துறைக்கு ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் பாதி. ஹங்கேரியன், ஸ்வாஹிலி, கொரியன், பெங்காலி, எல்லாம் அதற்குள்தான். ஒன்றரை வருடத்தில் என்னை இளங்கலை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். பெயர்தான் பெரிது. யார் எந்த வகுப்பில் சேரலாம், எந்த ஃபார்மில் யார் கையெழுத்து, எந்தத் தேதிக்குள், இதையெல்லாம் பார்ப்பதுதான் வேலை.

வேலை கற்றுக்கொண்டது துறைத் தலைவர் டாக்டர் ஹார்ட்லியிடம். ஹங்கேரிய இலக்கணத்தில் கரைகண்ட அமெரிக்கப் பெண்மணி. நல்ல உயரம், ஒட்ட வெட்டிய நரைமுடி. பேனாவைத் தொடவே மாட்டார். காலையில் வந்ததும் ஆறு பென்சிலைச் சீவி மேசையில் வரிசையாக வைப்பார். பேசும்போது உட்கார மாட்டார், எதிரே இருப்பவர்களையும் உட்காரச் சொல்ல மாட்டார், அதனால் அவர் அறையில் எந்தப் பேச்சும் ஐந்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. யார் எதைக் கேட்டாலும் "முடியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "முடியும்" என்றும் சொன்னதில்லை. "எங்கே எழுதியிருக்கிறது?" என்பார். கல்லூரியின் கேட்டலாக் என்று தடியாக ஒரு புத்தகம் உண்டு, விதிகள் எல்லாம் அதில்தான். அதைத் தூக்கிக்கொண்டு போய், பக்கத்தைப் பிரித்து, வரியின் மேல் விரலை வைத்துக் காட்ட வேண்டும். முதல் மூன்று மாதம் பாத்ரூமில் போய் அழுதேன். அப்புறம் எனக்கே வெறி வந்து அந்தப் புத்தகத்தை மனப்பாடம் செய்தேன். பிறகு வெகு காலம் அந்தக் கட்டடத்தில் யாருக்கு எந்த விதி வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். இதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

அந்த விதிகளில் மிகவும் பொல்லாதது பத்துப் பேர் விதி. செமஸ்டர் ஆரம்பித்ததும் வகுப்புகளில் சேரவும் விலகவும் சில நாட்கள் தருவார்கள். கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு வகுப்பில் பத்துப் பேர் இல்லையென்றால் அந்த வகுப்பை மூடிவிடுவார்கள். அப்போது பதிவெல்லாம் டெலிபோனில். மாணவர்கள் ஒரு நம்பருக்கு அடித்து, வகுப்பின் எண்ணை அழுத்தினால், ஒரு மெஷின் பெண்மணி "சேர்க்கப்பட்டது" என்பாள்.

1993 செப்டம்பரில், அந்தக் கடைசி நாள் மூன்றரை மணிக்கு, முதல் வருடப் பெங்காலியில் ஒன்பது பேர். சொல்லிக் கொடுக்க வந்தவர் ரேணு கோஷ், ஜெர்சி சிட்டியிலிருந்து ரயிலில் வருகிற பகுதிநேர ஆசிரியை. பாவம், என் அறை வாசலில் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில்தான் ப்ரீதி உள்ளே வந்தாள். முதல் வருட மாணவி, முதுகில் அவளைவிடப் பெரிய பை. நான் போனில் கணவரிடம் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"ஆன்ட்டி, இங்கே தமிள் கிளாஸ் இர்க்கா? எனக்கு தமிள் கத்க்கணும்."

நான் சிரித்துவிட்டேன். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் தமிழ் பேசினால் நாம் எல்லாரும் சிரிக்கிற சிரிப்புதான். அவள் முகம் சிவந்தது, உடனே இங்கிலீஷுக்கு மாறிவிட்டாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கண்ணெல்லாம் கடிகாரத்தில் இருந்தது.

"தமிழ் இல்லையேம்மா. பெங்காலி இருக்கே" என்றேன். அப்புறம் நான் பேசிய பேச்சை எங்கள் பக்கத்து இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோட் சேலைக்கடைக்காரர்கள் கேட்டிருந்தால் வேலை போட்டுக் கொடுத்திருப்பார்கள். பெங்காலியும் தமிழும் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்றேன். அதைப் படித்தால் இது தானாக வரும் என்றேன். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது எனக்கே பிற்பாடுதான் தெரியும். நாலே முக்காலுக்கு என் மேசை போனிலேயே நம்பர் அழுத்தினாள். ஒன்பது பெயருக்கு அடியில் அவள் பெயரையும் டைப் அடித்து ஹார்ட்லியிடம் நீட்டினேன். அவர் பென்சிலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு எண்ணி, பத்தில் நிறுத்தி, திருப்பிக் கொடுத்தார்.

வகுப்பு என் அறைக்கு அடுத்த அறை. நடுவில் அட்டைச் சுவர். ரேணு கோஷுக்கு ஒரு பழக்கம். ஒரு மாணவர் யார் உதவியும் இல்லாமல் முதல் முழு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் வகுப்பே கைதட்ட வேண்டும். வாரத்துக்கு நாலு தடவை சுவர் அதிரும். ஒருநாள் ஹார்ட்லி வந்து, "கைதட்ட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்றார். ரேணு பயந்துவிட்டார். நான்தான், "தட்டக் கூடாது என்றும் எங்கேயும் எழுதவில்லை" என்றேன். ஒரு வினாடி என்னைப் பார்த்தார். அப்புறம் போய்விட்டார். அவரை நான் ஜெயித்தது அந்த ஒருமுறைதான்.

ப்ரீதி முதல் வருடத்தோடு நிற்பாள் என்று நினைத்தேன். அவள் இரண்டாம் வருடப் பெங்காலியும் எடுத்தாள். அதன் பிறகு கதைகள் படிக்கிற வகுப்பு. நியூயார்க்கில் பங்களாதேஷ்காரர் மளிகைக்கடையில் போய்ப் பேரம் பேசிவிட்டு வந்ததாகச் சொல்வாள். 1995 செப்டம்பரில் ஒருநாள், கேட்டலாகைத் தூக்கிக்கொண்டு, பக்கத்தைப் பிரித்து, வரியின் மேல் விரலை வைத்தபடி ஹார்ட்லியின் அறைக்குள் நேராகப் போனாள். நான் மனப்பாடம் செய்த புத்தகத்தில் நானே கவனிக்காமல் தாண்டிப்போன வரி அது. ஒரு மாணவர் தானே வகுத்துக்கொள்ளும் பாடத்தில் பட்டம் வாங்கலாம், குழு ஒன்று ஒப்புக்கொண்டால். ஹார்ட்லி வெகுநேரம் பார்த்தார். "எழுதியிருக்கிறது" என்றார்.

எந்த மொழிக்கும் அதுவரை அந்தக் கல்லூரியில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மூன்று பேராசிரியர்கள் கையெழுத்திட்ட பாடத்திட்டம் வேண்டும். வெளிக் கல்லூரிப் பரீட்சகர் ஒருவர் முன்னால் வாய்மொழித் தேர்வு. பிறகு குழுவின் ஓட்டு. திட்டத்தை நான்தான் டைப் அடித்தேன். தலைப்பு: பெங்காலி மொழியும் இலக்கியமும். இந்தப் பெண்ணை நான்தானே பிடித்துப் போட்டேன் என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

அந்தக் குஷியில்தான் தப்புப் பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் அடித்தளத்து ஹாலில் புளியோதரைக்கு வரிசை. எனக்கு முன்னால் ப்ரீதியின் அம்மா கலா. கோபிசெட்டிபாளையத்துக்காரி, தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பழக்கம். வீட்டுக்காரர் சுந்தரமூர்த்தி மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தார். நல்ல சேதியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் சும்மா நிற்க என்னால் ஆகுமா?

"கலா, உங்க பொண்ணு பெங்காலில பிரமாதமா பண்றா. மேஜரே அதுலதான் எடுக்கப் போறா. நீங்க கொடுத்து வச்சவங்க."

கலா தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "எதுலங்க அக்கா?"

"பெங்காலில."

"அவ கம்ப்யூட்டர் சயின்ஸுங்க அக்கா."

 கரண்டியோடு நின்ற மாமா, "நகருங்கம்மா" என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரிக்குள் வந்துவிட்ட மாணவரின் படிப்பைப் பற்றி, அவர் கையெழுத்துப் போட்டு அனுமதி தராமல் நாங்கள் யாருக்கும் சொல்லக் கூடாது. பெற்ற தாய் தகப்பனுக்கும்கூட. அது சட்டம். என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸே அதுதான், டைப் அடித்தது நான்தான். ஆனால் கோயில் வரிசையில் ஒரு தமிழ்ப் பொம்பளை இன்னொரு தமிழ்ப் பொம்பளையைப் பார்த்து உங்கள் பெண் நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லாமல் இருப்பதுதான் நமக்கு மரியாதைக் குறைவு. திங்கள் முதல் வெள்ளி வரை மண்டையில் இருந்த சட்டம் ஞாயிற்றுக்கிழமை கழன்றுவிட்டது.

திங்கள் காலை ஹார்ட்லியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் போனேன். அவர் திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளும் சீவிய பென்சிலும் கொடுத்தார்.

"இடம், நேரம், நீங்கள் சொன்ன சொற்கள். எழுதுங்கள்."

எழுதினேன். படித்துவிட்டு, "இது எதற்கான வரிசை?" என்றார். புளி போட்ட சாதம் என்று விளக்கினேன். அதையும் எழுதச் சொன்னார். பிறகு தாளைக் கோப்பில் போட்டார். "மாணவியிடம் நீங்களே சொல்லுங்கள். இன்றைக்கே. தப்பு உங்களுடையது என்று அவள் உங்கள் வாயால் கேட்க வேண்டும்." அதற்குமேல் அந்தத் தப்பைப் பற்றி, அவர் ஓய்வு பெறுகிற வரை, ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

அன்றைக்கு ப்ரீதி வரவில்லை. மறுநாளும் இல்லை. புதன்கிழமை வந்தாள், கண் வீங்கி.

"தெரியும் ஆன்ட்டி. சண்டே ஈவினிங்கே அம்மாவும் அப்பாவும் காலேஜ் டார்ம் ரூமுக்கே வந்துட்டாங்க. ஃப்ரைடேக்குள்ள அப்ளிகேஷனை வித்ட்ரா பண்ணணுமாம்." அவள் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான், நான் இப்படி எழுதுகிறேன். "யாரோ பெங்காலி பையன் இருக்கான்னு நினைக்கறாங்க. கிளாஸ்ல இருக்கற ஒரே பையன் கொரியன்."

"என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். நம் ஆட்கள் பிள்ளைகளிடம் எளிதில் சொல்கிற வார்த்தை இல்லை அது. நான் மனசாரச் சொன்னேன்.

வியாழக்கிழமை மதியம் சுந்தரமூர்த்தி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கலா பின்னால். இரண்டு பேரையும் ஹார்ட்லியின் அறைக்குக் கூட்டிப் போனேன். ஹார்ட்லி எழுந்து நின்றார்.

"என் மகள் இங்கே பெங்காலி படிக்கிறாளா?"

"அப்படி ஒரு மாணவி இருக்கிறாள் என்றோ இல்லை என்றோ நான் சொல்வதற்கில்லை."

"நான் அவளுடைய அப்பா."

"நீங்கள் சொல்வதை நம்புகிறேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நான் பெத்த புள்ள இருக்குதா இல்லையான்னுகூட இங்க சொல்ல மாட்டாங்களாம். நீங்க மட்டும் கோயில்ல வச்சு எப்படீங்க சொன்னீங்க?"

"அங்க சொன்னதுதாங்க தப்பு" என்றேன். "இங்க சொல்லாதது தப்பில்லைங்க."

ஹார்ட்லி ஒரு ஃபார்மை எடுத்து மேசையில் வைத்தார். மாணவி இதில் கையெழுத்திட்டால் கோப்பு முழுவதையும் காட்டுவோம் என்றார். சுந்தரமூர்த்தி கசப்பாகச் சிரித்தார். எந்தப் பிள்ளை போடும்? நானும் அதையேதான் நினைத்தேன். அந்தச் சட்டம் இருப்பதே அவளைக் காப்பாற்றத்தான், அதற்குப் பின்னால் அவள் ஒளிந்துகொண்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

வியாழக்கிழமை ப்ரீதிக்கு வகுப்பு உண்டு. அந்த வழியாக வந்தவள் கதவருகில் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், ஃபார்மைப் பார்த்தாள், உள்ளே வந்தாள்.

"எங்கே சைன் பண்ணணும்?"

பேனாவால்தான் போட வேண்டும். ஹார்ட்லியின் மேசையில் பென்சிலைத் தவிர ஒன்றுமில்லை. நான் என் மேசைக்கு ஓடப் போனேன். அதற்குள் சுந்தரமூர்த்தி தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் கையெழுத்திட்டுவிட்டு என்னிடம், "எல்லாத்தையும் காட்டுங்க ஆன்ட்டி" என்றாள்.

கோப்பைப் பிரித்து வைத்தேன். அவர் தரக் கட்டுப்பாட்டுக்காரர் இல்லையா, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். பெங்காலியில் நாலு செமஸ்டரும் ஏ. மற்றதில் அங்கங்கே பி. பரீட்சைத் தாள்கள், பக்கம் பக்கமாக அவள் கையால் எழுதிய பெங்காலி.

"இதெல்லாம் நீ எழுதுனதா அம்மிணி?"

"ஆமாப்பா."

தாள்களைத் திரும்ப ஒழுங்காக அடுக்கினார். அப்புறம், "நம்ம தமிழு இருக்கறப்ப இது எதுக்குக் கண்ணு?" என்றார். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

ப்ரீதி இங்கிலீஷில் ஆரம்பித்து, நிறுத்தி, தமிழுக்கு வந்தாள். "தமிள்ல நான் வாய் தொறந்தா எல்லாரும் சிரிக்கறாங்கப்பா. நீங்க, அம்மா. கோபில எல்லா கசின்ஸும். இந்த ஆன்ட்டிகூட ஃபர்ஸ்ட் டே சிரிச்சாங்க. இங்க நான் ஃபர்ஸ்ட் சென்டென்ஸ் சொன்னப்போ எல்லாரும் கைதட்டினாங்க."

நான் தரையைப் பார்த்தேன். கலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஹார்ட்லிக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் ஏதோ புரிந்துபோய் நாற்காலிகளைக் காட்டி எல்லாரையும் உட்காரச் சொன்னார். அந்த அறையில் அது நான் பார்த்திராத அதிசயம்.

சுந்தரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். "செரி. டெஸ்ட்டுன்னு ஒண்ணு இதுல போட்டிருக்குதல்லங்க? எங்க வேலைல டெஸ்ட்டு சொல்றதுதான் முடிவு. பாஸ் பண்ணட்டும், நான் வாயே தொறக்கல. பண்ணலீன்னா கம்ப்யூட்டர் சயின்ஸு." ப்ரீதி தலையாட்டினாள். ஆக, எல்லாம் அந்த ஒரு தேர்வின் கையில் போய் நின்றது.

தேர்வு பிப்ரவரியில். பக்கத்து மாநிலக் கல்லூரியிலிருந்து டாக்டர் லாஹிரி என்பவரைப் பரீட்சகராக ஹார்ட்லி பிடித்தார். அந்தப் பெயரைக் கேட்டதும் ரேணுவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சொந்த ஊர்ப் பிள்ளைகளையே ஃபெயிலாக்குகிற மனிதராம். கொஞ்சம் இளகின ஆளாகப் பார்க்கக் கூடாதா என்று ஹார்ட்லியிடம் கேட்டேன். "இளகின ஆள் தரும் பட்டத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்" என்றார். டிசம்பர் லீவு முழுக்க ப்ரீதி ரேணு வீட்டிலேயே கிடந்தாள். ரேணுவின் மாமியாரோடு சமையலறையில் சண்டை போட்டுப் பழகினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு முதல் நாள் பெய்த பனி முழங்காலுக்கு இருந்தது. நீள மேசையின் ஒரு பக்கம் குழுவின் மூன்று பேராசிரியர்கள். தலைவர் பெயர் டாக்டர் மெர்சர், ரசாயனம். இந்த மாதிரிப் பட்டமெல்லாம் பொழுதுபோக்கு என்று வெளிப்படையாகச் சொல்பவர். இன்னொரு பக்கம் லாஹிரி, கோட்டைக்கூடக் கழற்றாமல். ஹார்ட்லி ஜன்னலோரம் நின்றார். குறிப்பெழுதவும் நேரம் பார்க்கவும் நான். ப்ரீதியின் அப்பாவும் அம்மாவும் வெளியே பெஞ்சில், மடியில் ஃப்ளாஸ்கோடு.

லாஹிரி கொண்டுவந்த ஒட்டிய கவரை எல்லார் முன்னிலையிலும் நான் பிரித்தேன். உள்ளே பெங்காலிக் கதை ஒன்றின் ஒற்றைப் பக்கம், அவள் முன்பின் பார்த்திராதது. இருபது நிமிடம், அகராதி இல்லாமல் படிக்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் பரீட்சகரோடு பெங்காலியில் பேச வேண்டும்.

பேச்சு ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் லாஹிரி அவளை நிறுத்தி உச்சரிப்பைத் திருத்தினார். திரும்பவும் நிறுத்தினார். மூன்றாவது முறை அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். என் பேனா நின்றுவிட்டது. இப்போது இங்கிலீஷுக்கு மாறிவிடுவாள், முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவள் மாறவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அதே வாக்கியத்தைப் பெங்காலியில் முதலிலிருந்து, நிதானமாக, அவர் திருத்தியபடியே சொல்லி முடித்தாள். லாஹிரியின் சிரிப்பு போய்விட்டது. அடுத்து ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவர் அந்தக் கதைத் தாளில் ஒரு வரியைத் தட்டிக் காட்டினார். அவள் அதற்கு அடுத்த வரியைத் தட்டிக் காட்டினாள். அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். குரல் ஏறியது, இரண்டு பேருக்கும். அவர் மேசையைத் தட்டினால் இவளும் தட்டினாள். ஒரு கட்டத்தில் லாஹிரி எழுந்தே நின்றுவிட்டார். எங்கள் யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை, ஆனால் மூன்று பேராசிரியர்களின் தலையும் இவள் பக்கமும் அவர் பக்கமும் மாறி மாறித் திரும்பின. அரை மணி ஆகிவிட்டது என்று நான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. குறிப்பில் நாற்பத்தொரு நிமிடம் என்றே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் நாலாவது டிராயரில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் லாஹிரி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதையில் ஒருத்தி படகுத்துறையில் நிற்கிறாளாம். புருஷனுக்காகக் காத்திருக்கிறாள் என்று இருபது வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறாராம். இந்தப் பெண், அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, திரும்பிப் போகப் பிடிக்காமல் நிற்கிறாள் என்கிறாளாம். "நான் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் இங்கிலீஷில். "ஆனால் ரயிலில் போகும்போது மறுபடி படித்துப் பார்ப்பேன்."

மெர்சர் தொண்டையைச் செருமினார். "இவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பொழுதுபோக்குக்காக யாரும் இப்படிச் சண்டை போட மாட்டார்கள்."

ப்ரீதியை வெளியே அனுப்பாமல் பக்கத்து அறையில் உட்கார வைத்தோம். ஓட்டு மடித்த சீட்டுகளில். நான் பிரித்தேன். மூன்றும் சம்மதம். ஹார்ட்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. முடிவை மாணவியிடம் ஹார்ட்லிதான் சொல்ல வேண்டும், அதற்குமுன் வேறு யாருக்கும் தெரியக் கூடாது. அவர் பக்கத்து அறைக்குப் போக, நான் கோப்போடு வெளியே வந்தேன்.

பெஞ்சிலிருந்து இரண்டு பேரும் எழுந்தார்கள். "என்னாச்சுங்க?" என்றார் சுந்தரமூர்த்தி.

"நான் சொல்லக் கூடாதுங்க."

கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உள்ள யாரோட சண்டை அது? இங்க வரைக்கும் கேட்டுச்சு."

சுந்தரமூர்த்தி மூடிய கதவைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "அது நம்ம புள்ள குரல்தானுங்களே. ஒண்ணும் புரியல. ஆனா எங்கூட்டுல ஒருநாளும் அவ இத்தனை பேசுனதில்லீங்க. ஒருநாளும் இல்லீங்க."

 கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை நான் பார்த்ததில்லை.

கதவு திறந்தது. ப்ரீதி அப்பாவின் எதிரே வந்து நின்று, தமிழில் சொன்னாள். "அப்பா, நான் பாஸ் ஆய்ட்டேன். மூணு பேரும் யெஸ் சொல்லிட்டாங்க. அந்த சார்கூட நான் நல்லா சண்டை போட்டேன்."

சொற்கள் அங்கே இங்கே இடறின. யாரும் சிரிக்கவில்லை.  சுந்தரமூர்த்தி இரண்டு கையையும் தூக்கிக் கைதட்டினார், அந்தக் காரிடாரில், தனி ஆளாக. கலாவும் ஃப்ளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள். நானும் தட்டினேன். ஹார்ட்லி வந்து பார்த்தார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

1997 மே மாதம் பட்டமளிப்பு. நிகழ்ச்சிப் புத்தகத்தில் பெங்காலி மொழியும் இலக்கியமும் என்று ஒரு தலைப்பு, அதற்குக் கீழே ஒரே ஒரு பெயர். பெயரை வாசித்தபோது சுந்தரமூர்த்தி நாற்காலியின் மேல் ஏறி நின்று படம் எடுத்தார். 2001-ல் ரேணு ஒரு செமஸ்டர் லீவு போட்டபோது, மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த ப்ரீதியே முதல் வருடப் பெங்காலி நடத்த வந்தாள். அந்த முறை வகுப்பில் எத்தனை பேர் என்று நான் எண்ணவே இல்லை, அத்தனை பேர். அட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் முதல் கைதட்டல் கேட்டபோது டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நிவேதா, அந்த ஃபோல்டரைத் தூக்கிப் போடாதே. அதில் பென்சிலில் எழுதிய என் வாக்குமூலமும் இருக்கும், புளியோதரை உட்பட. இருக்கட்டும்.

அந்தப் பெண்ணின் நிஜப் பெயர் வேண்டும் என்கிறவர்களுக்கு என் பதில், நான் சொல்லக் கூடாது என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் அடித்தளத்துக்கு வந்து வரிசையில் நில்லுங்கள். பெங்காலி என்ற சொல் யார் வாயிலிருந்து முதலில் வருகிறதோ அவர்தான் அவளுடைய அம்மா. பெயர், படித்தது, இப்போது பாடம் நடத்துகிற ஊர், எல்லாம் சொல்வார். நீங்கள் கேட்கக்கூட வேண்டாம். புளியோதரைதான் ஆறிப்போகும்.